டிவோலித் தோட்டத்துக் கிழ ரயில்

உலகத்தில் சில பொருள்கள் வயதாக ஆக மதிப்புப் பெறுகின்றன. சில பொருள்கள் வயதாக ஆகப் பரிதாபத்துக்கு உள்ளாகின்றன. பழைய வீணைக்கும் பழைய ஊறுகாய்க்கும் உள்ள மரியாதை பழைய மோட்டார் வண்டிக்கும் பழைய பத்திரிகைக்கும் கிடையாது. (பத்திரிகைக்காரர்கள் மன்னிப்பார்களாக!) சங்கீதத்திலும் சாப்பாட்டிலும் இது எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால், மனிதன் வேடிக்கைக்காகச் செய்துகொண்ட யந்திரங்களில் எவை மூப்பை நன்றாகத் தாங்குகின்றன? அந்தக் காலத்து ராட்டினங்களும் சறுக்கு ரயில்களுமா? அல்லது வானத்தை முட்டிக்கொண்டு நிற்கும் இந்தக் காலத்து ராட்சஸ யந்திரங்களா? இந்தக் கேள்விக்கு விடை தேட விரும்புகிறவர்கள் டென்மார்க் தேசத்தின் தலைநகரான கோபன்ஹேகனுக்குப் போக வேண்டும். அங்கே டிவோலி என்னும் தோட்டத்தில் இரண்டு கட்சியாரும் ஒரே மதிலுக்குள் எதிரும் புதிருமாகக் குடித்தனம் நடத்தி வருகிறார்கள்.

அகழியில் பிறந்த தோட்டம்

கோபன்ஹேகனின் பெரிய ரயில்வே ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால் டிவோலியின் மதில் தென்படும். இன்னொரு பக்கத்தில் நகரசபை மண்டபத்தின் கோபுரம் எட்டிப் பார்க்கும். சாதாரணமாக இம்மாதிரிக் கேளிக்கை ஸ்தலங்களை ஊருக்கு வெளியே, பத்துப் பதினைந்து மைலுக்கு அப்பால் அமைப்பது வழக்கம். டிவோலியோ நகரத்தின் மார்பில் பதக்கம் போல நடுவில் அமர்ந்திருக்கிறது. ஆனால் 1843-ஆம் வருஷத்தில் அது தோன்றியபோது அந்த இடமும் ஊருக்கு வெளியேதான் இருந்தது; கோட்டைச் சுவரை அடுத்திருந்த வெற்று நிலம். பிற்பாடு சுவர் போயிற்று. நகரம் தோட்டத்தைச் சுற்றி வளர்ந்துவிட்டது. தோட்டத்துக்குள் இருக்கும் ஏரி அந்நாளைய அகழியின் மிச்சமே. பகைவரைத் தடுப்பதற்காகத் தோண்டிய நீரில் இன்று ஆயிரம் தீபங்களின் நிழல் ஆடிக்கொண்டிருக்கிறது.

இதை ஸ்தாபித்தவர் ஜார்ஜ் கார்ஸ்டென்சன் என்பவர். ஒரு டேனிஷ் ராஜதந்திரியின் மகனாக அல்ஜியர்ஸ் நகரில் பிறந்தவர். அப்போது டென்மார்க்கை ஆண்ட எட்டாம் கிறிஸ்தியன் அரசரிடம் அவர் அனுமதி கேட்கப் போனார். ஜனங்கள் வேடிக்கையில் மூழ்கியிருந்தால் அரசியலைப் பற்றி யோசிக்கமாட்டார்கள் என்று அவர் எடுத்துச் சொன்னதாகவும், அதைக் கேட்டுத்தான் அரசர் இணங்கினார் என்றும் ஒரு கதை உண்டு. எந்தத் தேசத்திலும் அரசர்களுக்கு இனிக்கக்கூடிய வாதம்தான்! ஆனால் டென்மார்க் ஜனங்கள் ராட்டினத்திலும் ஏறினார்கள், அரசியலையும் யோசித்தார்கள். 1849-ஆம் வருஷத்திலேயே தனியரசர் ஆட்சி முடிந்து, அந்தத் தேசத்துக்கு ஓர் அரசியல் சட்டம் கிடைத்துவிட்டது.

டிவோலியின் கதவு திறந்த தேதி நம்மால் மறக்க முடியாத தேதி: ஆகஸ்டு மாதம் 15-ந் தேதி. நமக்கு அது புனிதமாவதற்கு 104 வருஷங்களுக்கு முன்னால்! இன்னொரு சம்பந்தமும் உண்டு. அன்று டிவோலிக்கு அனுமதி கொடுத்த அதே அரசரின் கொடிதான் நமது தரங்கம்பாடிக் கோட்டையின் மீதும் பறந்துகொண்டிருந்தது. இரண்டு வருஷம் கழித்து, 1845-ல், அவர் தரங்கம்பாடியை இங்கிலீஷ்காரருக்கு விற்றுவிட்டார். கடல் கடந்த கோட்டை கை மாறிப் போயிற்று. வீட்டு வாசலில் போட்ட தோட்டம் நிலைத்துவிட்டது.

தோட்டத்துக்குள்ளே பூஞ்செடிகள், உணவு விடுதிகள், சங்கீத மேடைகள், குழந்தைகளின் ராட்டினங்கள் எல்லாம் நெருக்கமாக இருக்கின்றன. 1874-ல் சீனப் பாணியில் கட்டிய ஊமைக் கூத்து அரங்கு ஒன்று உண்டு. அதன் திரை ஒரு மயில். மயில் தோகையை மடக்கிக்கொள்ளும்போது மேடை தெரியும்! குழந்தைகளுக்குக் கதை எழுதிப் புகழ் பெற்ற ஹான்ஸ் கிறிஸ்தியன் ஆண்டர்சன் முதல் வருஷமே இங்கே வந்து போனார். சீனச் சக்கரவர்த்தியையும் வானம்பாடியையும் பற்றிய கதையை அந்த நாட்களில்தான் எழுதத் தொடங்கினார்.

பிரேக் பிடிக்கும் மனிதர்

இனி நமது கேள்விக்கு வருவோம். மேடும் பள்ளமுமாகப் போட்ட பாதையில் ஏறி இறங்கி ஓடும் வேடிக்கை ரயிலை இங்கிலீஷில் ரோலர் கோஸ்டர் என்கிறார்கள். இதன் மூதாதை ருஷ்யாவில் பிறந்தது. குளிர் காலத்தில் மரச் சாரம் கட்டி, அதன் மேல் நீரை ஊற்றி உறைய வைத்து, அந்தப் பனிச் சரிவில் சறுக்கி இறங்குவது ருஷ்யர்களின் பொழுதுபோக்கு. அதனால் பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் இந்த ரயிலை 'ருஷ்ய மலை' என்று சொல்கிறார்கள். ருஷ்யர்களோ இதை 'அமெரிக்க மலை' என்று சொல்கிறார்கள். யாரும் இது தங்கள் மலை என்று ஒப்புக்கொள்வதாயில்லை!

டிவோலியில் இப்போது ஓடும் மர ரயில் 1914-ஆம் வருஷத்தில், அதாவது முதல் மகா யுத்தம் மூண்ட வருஷத்தில், ஓடத் தொடங்கியது. 'ருட்ஷெபானென்' என்று பெயர்; சறுக்குப் பாதை என்று பொருள். வால்டெமார் லேபெக் என்பவர் திட்டமிட்டது. ஒரு செயற்கை மலையைச் சுற்றியும் அதன் குகைக்குள் புகுந்தும் போகிறது. உயரம் 13 மீட்டர்தான். நன்றாக வளர்ந்த தென்னை மரம் அதைக் குனிந்து பார்க்கும். பாதையின் நீளம் சுமார் 720 மீட்டர்.

இந்த ரயிலின் விசேஷம் என்னவென்றால், வண்டித் தொடரின் நடுவே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கையில் பிரேக் இருக்கிறது. பள்ளத்தில் வண்டி பாயும்போது வேகம் மிஞ்சிவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. இன்று மழையா வெயிலா, தண்டவாளம் ஈரமா உலர்ந்திருக்கிறதா, வண்டியில் இருப்பவர்கள் பள்ளிக்கூடக் குழந்தைகளா பருத்த சரீரக்காரர்களா என்றெல்லாம் கவனித்து அவர் கையை அழுத்தவேண்டும். புது யந்திரங்களில் இந்தக் காரியத்தைப் பாதையிலுள்ள பிரேக்குகளும் கணிப்பொறியும் பார்த்துக்கொள்கின்றன. இப்படி மனிதர் கூடவே பிரயாணம் செய்து பிரேக் பிடிக்கும் ரயில்கள் உலகத்தில் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான் மிஞ்சியிருக்கின்றன.

வேகம் அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் வேகமாகப் போவது வேறு. வேகமாகப் போவதாகத் தோன்றுவது வேறு. மரச் சட்டங்கள் முனகுகின்றன. சக்கரங்கள் கடகடவென்று அதிர்கின்றன. இருட்டுக் குகை திடீரென்று விழுங்குகிறது. தலைக்கு மேலே உத்தரம் இடித்துவிடும் போல வந்து கடைசி நிமிஷத்தில் விலகுகிறது. மாட்டு வண்டியில் மேடு பள்ளத்தில் போனவர்களுக்கு இந்த ரகசியம் தெரியும். அதோடு, பாட்டியும் பேத்தியும் ஒரே ஆசனத்தில் உட்கார்ந்து ஒரே குரலில் கூச்சலிடலாம். இறங்கிய பிறகு இருவருக்கும் சொல்லிக்கொள்ள ஒரே கதை இருக்கும்.

மர ரயில்களுக்குப் பொதுவாகவே இன்னொரு பெரிய சௌகரியம் உண்டு. பலகை உளுத்துப் போனால் அந்தப் பலகையை மட்டும் மாற்றலாம். ஆணி தளர்ந்தால் மறுபடியும் அறையலாம். நமது ஊர்க் கோயில் தேரைப் போலத்தான். அச்சு ஒரு வருஷம், சக்கரம் ஒரு வருஷம் என்று மாற்றிக்கொண்டே வந்தாலும் தேர் அதே தேர்தான்.

பூதம்

கிழ ரயிலுக்கு ஒரு போட்டிக்காரனும் அதே தோட்டத்தில் இருக்கிறான். 2004-ஆம் வருஷத்தில் நிறுவிய எஃகு ரயில் அது. 'டேமோனன்', அதாவது பூதம் என்று பெயர். உயரம் 28 மீட்டர். வேகம் மணிக்கு 77 கிலோமீட்டர். வண்டிக்குத் தரை கிடையாது. கால்கள் அந்தரத்தில் தொங்கும். மூன்று தடவை மனிதனைத் தலைகீழாகப் புரட்டிப் பிறகு கீழே இறக்கிவிடும். நேர்மையாகச் சொன்னால், இந்தப் பூதம் கெட்ட பூதம் அல்ல. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் வழவழப்பாக ஓடுகிறது. இளைஞர்கள் இதைத்தான் முதலில் தேடி ஓடுகிறார்கள்.

ஆனாலும் ஒரு சிறு சமாசாரம் கவனிக்கத் தக்கது. 2017-ஆம் வருஷத்தில், அதாவது பூதத்துக்குப் பதின்மூன்று வயதானபோது, பிரயாணிகள் விரும்பினால் முகத்தில் ஒரு மாயக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பூதங்களும் டிராகன்களும் உள்ள கற்பனை உலகத்தைப் பார்த்தபடியே சவாரி செய்யலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். பதின்மூன்று வயதிலேயே பூதத்துக்குப் புது அலங்காரம் தேவைப்பட்டது. நூறு வயது தாண்டிய பக்கத்து வீட்டுக் கிழவனுக்கு யாரும் கண்ணாடி மாட்டவில்லை. அவனிடம் இருக்கிற குகையும் முனகலும் போதுமானவையாக இருந்தன.

வானத்தை முட்டியவன்

டிவோலியின் பூதம் அடக்கமானவன். அந்த ஜாதியின் உச்சத்தைப் பார்க்கவேண்டுமானால் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவுக்குப் போகவேண்டும். அங்கே ஒஹையோ மாகாணத்தில் 2003-ஆம் வருஷத்தில் 420 அடி உயரமுள்ள ரயில் ஒன்றைக் கட்டினார்கள். உலகத்திலேயே உயரம் என்று பறை சாற்றினார்கள். அந்தப் பெருமை இரண்டு வருஷம் நீடித்தது. 2005-ல் நியூஜெர்ஸி மாகாணத்தில் ஜாக்ஸன் என்ற ஊரில் 'கிங்டா கா' என்ற ரயில் தோன்றியது. உயரம் 456 அடி! தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல்.

இதன் வித்தை இதுதான்: எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் பெரிய மோட்டார்கள் ஓர் இரும்புக் கயிற்றைச் சுருட்டி இழுக்கும். கயிறு வண்டியை இழுக்கும். மூன்றரை வினாடிக்குள் மணிக்கு 128 மைல் வேகம் வந்துவிடும். அந்த உந்துதலிலேயே வண்டி செங்குத்தான கோபுரத்தில் ஏறி, உச்சியைக் கடந்து, மறுபுறம் விழும். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். சில சமயம் உந்துதல் போதாமல் வண்டி உச்சிக்குச் சற்று முன்னால் நின்று, யோசித்து, வந்த வழியே பின்னோக்கி இறங்கிவிடுவதும் உண்டு. மழை பெய்தால் ஓடாது. காற்று அடித்தால் ஓடாது. யந்திரத்துக்கு மனம் சரியில்லாவிட்டாலும் ஓடாது. மூன்றரை வினாடி விசைக்காக எத்தனையோ பேர் நாள் முழுதும் யந்திரத்துக்கு வைத்தியம் பார்க்கவேண்டியிருந்தது.

2010-ல் அபுதாபியில் தோன்றிய ஒரு ரயில் வேகத்தில் இதை முந்திவிட்டது. உயரத்தில் மட்டும் கடைசி வரையில் இதை யாரும் வெல்லவில்லை. ஆனால் அந்த வெல்லாத பெருமையும் இதைக் காப்பாற்றவில்லை. 2024 நவம்பர் மாதத்தோடு ஓட்டம் நின்றது. 2025 பிப்ரவரி 28-ந் தேதி காலையில் சொந்தக்காரர்களே வெடி வைத்து அந்தக் கோபுரத்தைத் தகர்த்தார்கள். மனிதனுக்கு வாலிபம் தொடங்கும் இருபதாவது வயதில் கிங்டா கா கிழடாகிவிட்டது.

பழசெல்லாம் பொன்னா?

"பார்த்தீர்களா! பழசுதான் பொன்!" என்று நேயர்களில் பெரியவர்கள் எழுந்து நின்று சொல்லக்கூடும். கொஞ்சம் பொறுக்கவேண்டும். இன்று நாம் பார்க்கும் பழைய ரயில்கள் பிழைத்திருக்கிறவை மட்டுமே. 1920-க்குப் பின் வந்த பத்து வருஷங்களில் அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மர ரயில்கள் ஓடின. பொருளாதார மந்தத்திலும் யுத்தத்திலும் பெரும்பாலானவை விறகாய்ப் போயின. செத்துப்போன கிழவர்களைக் கணக்கில் சேர்க்காமல், "அந்தக் காலத்து மனிதர்கள் எல்லாரும் தொண்ணூறு வயது வாழ்ந்தார்கள்" என்று சொல்வது எவ்வளவு நியாயமோ அவ்வளவுதான் இதுவும்.

மேலும், பழையவற்றிலும் கிங்டா காவின் குணம் படைத்தவை இருந்தன. 1895-ல் நியூயார்க் நகரத்தை அடுத்த கோனி தீவில் மனிதனைத் தலைகீழாகச் சுற்றும் ரயில் ஒன்றை வைத்தார்கள். அதன் சுற்று சரியான வட்டமாக இருந்தது. வட்டத்துக்குள் வண்டி நுழையும் அந்தக் கணத்தில் உடம்பின் பாரம் திடீரெனப் பல மடங்காகிப் பிரயாணிகளின் கழுத்தைப் பதம் பார்த்தது. சில வருஷங்களில் அது மறைந்தது. சுற்றை வட்டமாக அமைக்காமல் கண்ணீர்த் துளியின் வடிவத்தில் அமைத்தால் கழுத்து பிழைக்கும் என்பதை நன்றாகப் பயன்படுத்தி, 1976-ல் கலிபோர்னியாவில் வெற்றிகரமான சுற்று ரயிலை ஓட்டினார்கள். ஆகவே, நவீன சாஸ்திரத்துக்கு நாம் நன்றி சொல்லவேண்டிய இடமும் உண்டு.

இதைவிட ருசிகரமான கதை கானடா தேசத்தில் நடந்தது. அங்கே கிறிஸ்டல் பீச் என்னும் ஏரிக்கரைத் தோட்டத்தில் 1927-ல் 'சைக்ளோன்' என்ற ரயிலைக் கட்டினார்கள். பயங்கரத்தில் அதற்கு நிகர் இல்லை. மூச்சு விட இடைவெளி இல்லாமல் முறுக்கித் திருகும். இறங்குகிறவர்களைக் கவனிக்க ஒரு நர்ஸையும் அருகில் நிறுத்தியிருந்தார்கள். இதனால் விளம்பரம் அமோகமாகக் கிடைத்தது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. ஆனால் ஏறுகிறவர்களின் கூட்டம் கூடவில்லை. பயங்கர விசைகளால் பாதையும் தேய்ந்துகொண்டே வந்தது. 1946-ல் அதை மூடிவிட்டார்கள்.

கதை இத்துடன் முடியவில்லை. பிரித்த சைக்ளோனின் இரும்புச் சட்டங்களில் ஒரு பகுதியைக் கொண்டு அதே தோட்டத்தில் 1948-ல் 'காமெட்' என்ற வேறொரு ரயிலைக் கட்டினார்கள். இது முறுக்காது, திருகாது. அலை மேல் படகு போல ஏறி இறங்கும். ஜனங்களுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. 1989-ல் அந்தத் தோட்டமே மூடப்பட்ட பிறகும் காமெட்டைக் கைவிட மனம் வரவில்லை. பிரித்து எடுத்துப் போய், 1994-ல் நியூயார்க் மாகாணத்தின் ஜார்ஜ் ஏரிப் பக்கத்தில் திரும்ப ஓட விட்டார்கள். அதே இரும்பு! ஒரு வடிவத்தில் பத்தொன்பது வருஷத்துக்குள் சலித்துப்போயிற்று. இன்னொரு வடிவத்தில் ஊர் மாறியும் சலிக்கவில்லை. ஆகவே, வயதும் உலோகமும் முக்கியமல்ல என்று ஏற்படுகிறது. ஒரு தரம் சகித்துக்கொண்டு "நானும் ஏறினேன்" என்று சொல்வதற்காக ஏறும் யந்திரம் ஒரு வகை, இறங்கியவுடனே "இன்னொரு தரம்!" என்று குழந்தை கையைப் பிடித்து இழுக்கும் யந்திரம் இன்னொரு வகை. முதல் வகைக்கு ஒவ்வொரு வருஷமும் புது ஜனங்கள் வேண்டும். இரண்டாவது வகைக்கு அதே ஜனங்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள்; பிறகு தங்கள் குழந்தைகளோடு வருகிறார்கள்.

இரண்டு வெடிகள்

இப்படித் திரும்பத் திரும்ப வரும் ஜனங்கள் ஒரு வேடிக்கை ஸ்தலத்துக்கு என்ன செய்வார்கள் என்பதை அறிய மறுபடியும் டிவோலிக்கே வரவேண்டும். 1940 ஏப்ரல் மாதத்தில் ஹிட்லரின் படைகள் டென்மார்க்கைப் பிடித்துக்கொண்டன. அடிமை நாட்களிலும் தோட்டத்தை மூடவில்லை. 1943-ல் அதன் நூற்றாண்டு விழா வந்தபோது, பலூன் கூடைகள் போன்ற தொட்டில்கள் தொங்கும் ராட்டினம் ஒன்றைப் புதிதாக அமைத்தார்கள். இன்றும் அது சுற்றிக்கொண்டிருக்கிறது.

டேனிஷ் தேசபக்தர்கள் ஜெர்மன் ராணுவத்துக்கு உதவும் தொழிற்சாலைகளை ரகசியமாக நாசம் செய்து வந்தார்கள். அதற்குப் பழி வாங்க, ஜெர்மானியரின் கையாட்களாயிருந்த டேனிஷ் நாஜிகள் ஜனங்களுக்குப் பிரியமான இடங்களைத் தேடிப் பிடித்து வெடி வைத்தார்கள். 1944 ஜூன் மாதம் 25-ந் தேதி இரவில் டிவோலியின் முறை வந்தது. சங்கீத மண்டபம் முதலிய கட்டிடங்கள் எரிந்து விழுந்தன. ராணுவக் கிடங்கு அல்ல, பாலம் அல்ல. குழந்தைகள் ராட்டினம் சுற்றும் தோட்டம்! ஒரு ஜனசமூகத்தின் மனத்தைப் புண்படுத்த எங்கே அடிக்கவேண்டும் என்று பகைவனுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்த ஜனங்களின் மனம் எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்கவில்லை. சில வாரங்களுக்குள்ளாகவே தோட்டம் திறந்துவிட்டது. எரிந்த இடத்தில் தற்காலிகக் கொட்டகைகளைப் போட்டுக்கொண்டு வேடிக்கையைத் தொடர்ந்தார்கள். புதிய சங்கீத மண்டபம் 1956-ல் எழுந்தது.

இரண்டு வெடிகளையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். ஒன்று பகைவன் வைத்தது. அதனால் தகர்ந்ததை ஊரார் மறுபடியும் எழுப்பினார்கள். மற்றது உடையவர்களே வைத்தது. அதனால் தகர்ந்தது தகர்ந்ததுதான். கிங்டா காவுக்காக வருந்தியவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அதைத் தாங்கிப் பிடிக்க ஓர் ஊர் இல்லை. கோனி தீவில் 1927-ஆம் வருஷத்து மர ரயில் ஒன்று உண்டு. அதன் பெயரும் சைக்ளோன்தான். 1970-க்குப் பின் அதை இடித்துவிட்டு மீன் காட்சிச்சாலையை விஸ்தரிக்கலாம் என்று ஒரு யோசனை வந்தபோது ஊரார் கிளர்ச்சி செய்து தடுத்தார்கள். 1975-ல் அது புதுப்பிக்கப்பட்டு ஓடியது; 1988-ல் நியூயார்க் நகரம் அதைத் தன் காப்புச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

அப்படியானால், டிவோலியின் பூதத்துக்குக் கதி என்ன? அதற்கும் வழி உண்டு. இந்தத் தோட்டம் ஒருநாளும் கட்டி முடிந்ததாக ஆகாது என்று கார்ஸ்டென்சனே சொன்னதாகக் கூறுவார்கள். கிழ ரயிலும் 1914-ல் புதிதாக வந்த பூதமாகத்தான் இருந்திருக்கும். இன்று பூதத்தில் ஏறிக் கூச்சலிடும் வாலிபன் முப்பது வருஷம் கழித்துத் தன் மகனைக் கைப்பிடித்து அதே வரிசையில் நிற்பானானால், பூதமும் தாத்தா ஆகிவிடும். நிற்காவிட்டால், எத்தனை அடி உயரம் இருந்தும் பிரயோஜனமில்லை.

கோபன்ஹேகனுக்குப் போக வாய்ப்புள்ள நேயர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு ரயிலிலும் ஏறிப் பார்த்துத் தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். பூதத்திலிருந்து இறங்கியதும் தலை சுற்றினால் ஏரிக்கரையில் சற்று உட்கார்ந்துவிட்டு, பிறகு கிழ ரயிலுக்குப் போகலாம். அங்கே வண்டியின் நடுவே பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு மறக்காமல் ஒரு வணக்கம் போடுங்கள். 1914-ஆம் வருஷம் முதல் வண்டியைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து சேர்ப்பவர் அவர்தான்.